முடிமறுப்பும் வரலாறும்: 'சுழற்காற்று' பற்றிய ஒரு நோக்கு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்ட இப்பெருங்கதையிலே ஈழத்து வாசகர் தனித்து நோக்கவேண்டியது இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்று' என்பது நமது கருத்து. கதை கோடிக்கரையிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வருவது இப்பாகத்திலேதான். கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே செல்வோர் காணும் தம்புள்ளையும் அதற்கப்பாலுள்ள அநுராதபுரமும் கதைக்களங்களாகின்றன.

இப்பாகத்தின் உச்சம், அநுராதபுரத்திலே பௌத்த சங்கத்தார் இலங்கை மணிமுடியை அருள்மொழிவர்மனுக்கு அளிக்க முன்வருவதும் அவன் அதனை மறுப்பதுமாகும். இறுதிப் பாகத்திற் சோழ முடியையும் அவன் விட்டுக்கொடுக்கின்றான். ஆகவே முதல் மறுப்பு இரண்டாவதற்கான ஒத்திகையாக அமைகின்றது. கட்டுக்கோப்பு நோக்கில் இது ஆசிரியரின் திறமையே. சிதைந்த விகாரைகளைச் செப்பனிடும் இளவரசனைப் படைத்ததில், அயல் மதத்தை மதிக்கும் நல்லெண்ணமும் உண்டு. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

எனினும் இரு மறுப்புகளும் ஒருதன்மையன அல்ல. சோழ முடியை உத்தம சோழனுக்கு விட்டமைக்குத் திருவாலங்காட்டுச் செப்பேடு சான்றாகின்றது. இலங்கை முடியை மறுத்தமையோ முழுக்கற்பனை. வரலாறு இதற்கு மாறானது. 985இல் அரியணையேறிய இராசராசன் 993ஆம் ஆண்டளவில் ஈழத்தின்மீது படையெடுத்தான்; அநுராதபுரம் அழிவுற்றது; பொலநறுவை சோழரின் ஆட்சித் தலமாயிற்று. ஈழமண்டலத்து ஊர்களின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விடப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டே கூறும். சோழர் விகாரைகளை உடைத்துப் பொருள் கவர்ந்ததாகச் சூளவம்சம் உரைக்கும். கதை இராசராசன் முடிசூடுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், இவையெல்லாம் வாசகன் கண்ணிற்படாமற் போகின்றன. வென்றவனின் கொள்ளை மறைந்து, வெல்லப்போகின்றவனின் பெருந்தன்மை மட்டும் எஞ்சுகின்றது.

கற்பனைக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆயின் கற்பனை எதனை மறக்கச் செய்கின்றது என்று வினவும் உரிமை திறனாய்வுக்கும் உண்டு. நாவலைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்கும் நெறியைக் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நமக்குக் காட்டியிருக்கின்றது.

தென்னிந்திய வழியினன் ஒருவனிடம் சிங்கள முடி சேர்வது நடவாத செயலன்று. 1739 முதல் 1815 வரை கண்டியில் ஆண்டோர் நாயக்க வம்சத்தினரே. அவர்களுள் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்துப் பிக்குகளின் துணையோடு உபசம்பதா மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அவர்கள் முடியை மறுக்கவில்லை; ஏற்றுப் பௌத்தத்தின் காவலராயினர். ஆயினும் 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை 'மலபார்' இனத்தவர் என்று கூறியே அவ்வம்சத்தை விலக்கியது. முடியை ஏற்பதும் மறுப்பதும் ஒருவனது உள்ளப் பண்பால் மட்டும் தீர்வனவல்ல. பிரதானிகளினதும் அந்நிய ஆட்சியினரதும் நலன்களாலும் தீர்வன என்பதற்குக் கண்டியே சான்று.

இத்தொடர் வெளிவந்த காலமும் கருதத்தக்கது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு இந்நாட்டின் ஒரு வாக்கு மறுக்கப்பட்ட நாளில், இந்நாட்டின் முடியையே மறுத்த தமிழ் இளவரசன் கதையிற் பவனி வந்தான். இம்முரணுக்குக் கல்கி பொறுப்பாளியல்லர். ஆனால் அம்முரணை உணராது அப்பெருமிதத்திலே திளைப்போமாயின், அப்பொறுப்பு நம்முடையதே.

2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் இக்கதைக்குப் புதிய தலைமுறையைத் தேடித்தந்துள்ளன. அவர்கள் 'சுழற்காற்'றைச் சுவைத்துப் படிக்கட்டும். படித்தபின் பொலநறுவைக்கும் ஒருமுறை சென்று வரட்டும். அங்குள்ள சோழர் காலச் சிவாலயங்கள், நாவல் சொல்லாது விட்ட மிகுதிக் கதையைச் சொல்லும்.