தோற்றவரின் நூல்: மாக்கியவெல்லியின் வாழ்வும் ‘இளவரசன்’ வாசிப்பும்

முன்னுரை

அரசியலில் ஒருவரைப் பழிக்க விரும்புவோர் ‘மாக்கியவெல்லித்தனம்’ என்னும் சொல்லை எளிதில் கையாளுகின்றனர். சூழ்ச்சி, வஞ்சகம், நன்றியின்மை ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல் தன்னுள் அடக்கிக் கொள்கிறது. ஒரு சிந்தனையாளரின் பெயர் இவ்வாறு வசைச்சொல்லாகிவிட்டால், அவருடைய நூலைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை பலருக்கு எழுவதில்லை. வகுப்பறைகளிலும் அவரை ஒரு வரியில் அறிமுகப்படுத்திவிட்டுக் கடந்து செல்லும் போக்கு காணப்படுகிறது. இக்கட்டுரை நிக்கோலோ மாக்கியவெல்லியின் (1469–1527) வாழ்வையும் காலத்தையும் பின்புலமாகக் கொண்டு, அவருடைய ‘இளவரசன்’ என்னும் நூலை மீண்டும் அணுக முயல்கிறது. வெற்றிக்கு வழிகாட்டும் கையேடாகப் பலரால் கருதப்படும் இந்நூல், அடிப்படையில் தோல்விகளை ஆராயும் நூலாகும் என்பதே நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

நூற்பெயரைப் பற்றிய ஒரு குறிப்பை இங்குக் கூறுதல் தகும். தமிழில் ‘இளவரசன்’ என்று வழங்கினும், மூலத்திலுள்ள இத்தாலியச் சொல் முடிசூடக் காத்திருக்கும் அரசன் மகனைக் குறிப்பதன்று. ஒரு நாட்டை ஆளும் தலைவனையே அது சுட்டுகிறது. பெயர் வழக்கில் நிலைத்துவிட்டமையால் நாமும் அதனையே பயன்படுத்துகிறோம்.

காலமும் களமும்

மாக்கியவெல்லி 1469ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பெர்னார்தோ சட்டம் பயின்றவர். செல்வ வளம் குன்றியவர். எனினும் நூல்களின்மீது பெருவிருப்பம் கொண்டவர். உரோம வரலாற்றாசிரியர் லிவியின் நூலுக்கு இடப்பெயர் அகராதி ஒன்றைத் தொகுத்துக் கொடுத்து, அவ்வுழைப்புக்கு ஈடாக அந்நூலின் படியைத் தமதாக்கிக்கொண்ட செய்தியை அவருடைய நாட்குறிப்பேடு தெரிவிக்கிறது. பிற்காலத்தில் மகன் எழுதிய ‘லிவி பற்றிய உரைகள்’ என்னும் பெருநூலின் வித்து அவ்வீட்டிலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

அக்கால இத்தாலி ஒரே நாடாக இருக்கவில்லை. புளோரன்ஸ், வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதி ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று ஐயுற்று வாழ்ந்தன. 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையெடுத்து வந்தபோது அச்சமநிலை குலைந்தது. புளோரன்ஸை மறைமுகமாக ஆண்டுவந்த மெடிச்சிக் குடும்பம் வெளியேற்றப்பட்டது. அதன்பின் நகர மக்களின் உள்ளத்தை ஆண்ட துறவி சவனரோலா 1498 மே மாதத்தில் நகரின் நடுச் சதுக்கத்திலேயே தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். படைவலிமை இல்லாத அருளுரையாளர் அழிவது உறுதி என்று மாக்கியவெல்லி பின்னர் எழுதியபோது, இந்நிகழ்ச்சியையே சான்றாகக் காட்டினார்.

பணியும் பட்டறிவும்

சவனரோலா மறைந்த அடுத்த மாதமே, இருபத்தொன்பது வயதான மாக்கியவெல்லி குடியரசின் இரண்டாம் செயலகத்தின் தலைவராக அமர்த்தப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் அவர் அப்பணியில் இருந்தார். பிரெஞ்சு அரசவைக்கும், போப்பாண்டவரின் அவைக்கும், செருமானியப் பேரரசரிடமும் தூது சென்றார். ஆட்சியாளர்களை நேரில் கண்டு, அவர்களுடைய சொல்லையும் செயலையும் ஒப்பிட்டு, அன்றாடம் அறிக்கை எழுதுவதே அவருடைய தொழிலாக இருந்தது. அவருடைய சிந்தனைப் போக்கு இவ்வறிக்கைகளிலேயே உருப்பெற்றது என்பது நோக்கத்தக்கது.

கூலிப்படைகளை நம்பியிருத்தலே புளோரன்ஸின் பெருங்குறை என அவர் கண்டார். பைசா நகரை மீட்கும் போரில் கூலிப்படைத் தலைவர் பவுலோ வித்தெல்லி ஐயத்திற்கு ஆளாகி, 1499இல் தலை வெட்டப்பட்ட நிகழ்ச்சி அவர் பணியேற்ற மறு ஆண்டே நடந்தது. இதற்கு மாற்றாக நாட்டுப்புற மக்களைக் கொண்ட சொந்தப் படை ஒன்றை அமைக்க அவர் முயன்றார். 1506இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 1509இல் பைசா பணிந்தபோது அம்முயற்சி பலித்ததாகவே தோன்றியது. ஆயின் 1512 ஆகஸ்டு மாத இறுதியில் பிராத்தோ நகரில் ஸ்பானியப் படையின் முன் அதே படை நிலைகுலைந்து ஓடியது. நகரம் சூறையாடப்பட்டது. குடியரசு வீழ்ந்தது, மெடிச்சிக் குடும்பம் மீண்டது. நவம்பரில் மாக்கியவெல்லி பணிநீக்கம் செய்யப்பட்டார். 1513 பிப்ரவரியில் மெடிச்சிக்கு எதிரான சதியில் பங்குடையவர் என்ற ஐயத்தின்பேரில் சிறைப்படுத்தப்பட்டு, கைகளைப் பின்புறம் கட்டிக் கயிற்றில் தூக்கி விடும் வதைக்கு உள்ளாக்கப்பட்டார். மெடிச்சிக் குடும்பத்தவர் ஒருவர் பத்தாம் லியோ என்னும் பெயரில் போப்பாண்டவரானதை ஒட்டி வழங்கப்பட்ட மன்னிப்பால் மார்ச் மாதத்தில் விடுதலை பெற்றார்.

சிற்றூரில் எழுந்த நூல்

விடுதலைக்குப்பின் புளோரன்ஸுக்கு வெளியே சாந்த் ஆந்திரேயா என்னும் சிற்றூரிலிருந்த தம் குடும்ப வீட்டில் அவர் தங்கினார். 1513 டிசம்பர் 10ஆம் நாள் உரோமிலிருந்த நண்பர் வெத்தோரிக்கு எழுதிய மடல் பெரிதும் அறியப்பட்டது. பகலில் விறகு வெட்டுவோருடனும் விடுதியில் சூதாடுவோருடனும் பொழுது கழித்ததையும், மாலையில் அழுக்குடை களைந்து அரசவைக்குரிய உடை அணிந்து பண்டைய ஆசிரியர்களின் நூல்களோடு நான்கு மணி நேரம் உரையாடியதையும் அதில் விவரிக்கிறார். ஆட்சிகளைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதியிருப்பதாகவும் அதில் குறிப்பிடுகிறார். அச்சிறுநூலே ‘இளவரசன்’ ஆகும். தம்மை வதைத்த அதே குடும்பத்திடம் பணி வேண்டி அதனைப் படைக்க எண்ணினார் என்பது மறைக்கத்தக்க செய்தியன்று. அவ்வேண்டுதலும் பலிக்கவில்லை. நூல் அவர் இறந்து ஐந்தாண்டுகள் கழித்து 1532இல்தான் அச்சேறியது.

போர்ஜியா: அறிக்கையும் நூலும்

இருபத்தாறு இயல்களைக் கொண்ட இந்நூலின் ஏழாம் இயல் சேசரே போர்ஜியாவைப் புதிய ஆட்சியாளருக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறது. 1502 டிசம்பரில் செசேனா நகரச் சதுக்கத்தில் தம் கொடிய ஆளுநரையே இரு துண்டாக்கி மக்கள் பார்வைக்கு வைத்த போர்ஜியாவின் செயலை மாக்கியவெல்லி அந்நாளில் உடனிருந்து அறிந்தவர். ஆயின் 1503 ஆகஸ்டில் தந்தையான ஆறாம் அலெக்சாந்தர் இறந்ததும் போர்ஜியாவின் ஆட்சி சரிந்தது. அவ்வாண்டின் இறுதியில் உரோமிலிருந்து மாக்கியவெல்லி அனுப்பிய அறிக்கைகளில், உறுதி குலைந்து பிறர் வாக்கை நம்பித் தடுமாறும் ஒருவரையே நாம் காண்கிறோம். பத்தாண்டுகளுக்குப் பின் எழுதிய நூலில் அதே மனிதர் ஏறத்தாழக் குறையற்றவராக உருப்பெறுகிறார்.

இம்மாற்றத்தை எவ்வாறு விளக்குவது? நூலாசிரியர் வரலாற்று மனிதரை ஓர் எடுத்துக்காட்டு மாந்தராகப் புனைந்துள்ளார் என நாம் கருதுகிறோம். எல்லாவற்றையும் செம்மையாகச் செய்த ஒருவரும் வீழக்கூடும் என்பதே அப்புனைவின் பயன். முன்மாதிரியாக நிறுத்தப்பட்டவரே தோற்றவராக இருப்பது, இந்நூலை வெற்றிக் கையேடாகக் கொள்வாரைத் தயங்கச் செய்ய வேண்டும். சொந்தப் படையை வலியுறுத்தும் இயல்களில் பிராத்தோ பற்றி அவர் பேசாமல் விடுவதும் இத்தன்மையதே. தம் திட்டத்தின் மிகப் பெரிய தோல்வியை அவர் கடந்து செல்கிறார். இதனை நூலின் குறையாகவே நாம் சுட்டவேண்டியுள்ளது.

தீமையைத் தீமை என்றல்

‘முடிவு வழிமுறையை நியாயப்படுத்தும்’ என்னும் தொடர் இந்நூலில் இல்லை. மக்கள் விளைவையே நோக்குவர் என்று பதினெட்டாம் இயலில் அவர் கூறுவது மனித இயல்பைப் பற்றிய கூற்றாகும். எட்டாம் இயலில் சிராக்யூஸ் நகரின் அகத்தோக்ளிஸ் பேசப்படுகிறார். சக குடிமக்களைக் கொன்று, நண்பர்க்கு இரண்டகம் செய்து அடைந்த அதிகாரம் ஆட்சியைத் தரலாம். புகழைத் தராது என்பது அங்கு அவர் தரும் தீர்ப்பு. அஞ்சப்படுதல் நன்று என்னும் பதினேழாம் இயலும் வெறுக்கப்படுதலைக் கடுமையாக விலக்குகிறது. ஆள்வோன் சிற்சில வேளைகளில் நல்லவனாக இராமல் இருக்கக் கற்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். அவ்வேளையில் செய்வது நன்மையே என்று பெயர் மாற்றிச் சொல்வதில்லை. நம்மை அச்சுறுத்துவது இந்த வெளிப்படைத்தன்மையே. கொடுமைக்கு அழகிய பெயர் சூட்டும் ஆட்சியாளர்களைவிட அவர் நேர்மையானவர் எனலாம். எனினும், அவர் வகுத்த எல்லைகளும் பெரும்பாலும் ஆள்வோனின் நலன் கருதியவை. கொடுமைக்கு ஆளானவரின் குரல் நூலில் மிகக் குறைவாகவே ஒலிக்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

திறனாய்வாளர் பார்வையில்

1559இல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைநூற் பட்டியலில் அவருடைய நூல்கள் இடம்பெற்றன. 1762இல் ரூசோ ‘இளவரசன்’ குடியரசுவாதிகளின் நூல் என்றார். 1958இல் லியோ ஸ்ட்ராஸ் அவரைத் தீமையின் ஆசானாகக் கண்டார். அதே ஆண்டில் கேரட் மாட்டிங்லி இந்நூலை அங்கதமாகக் கருதலாமா என ஆராய்ந்தார். அங்கதம் என்னும் விளக்கம் நமக்கு உடன்பாடன்று. பணி வேண்டி நின்ற ஒருவர், யாரிடம் வேண்டினாரோ அவர்களையே எள்ளி எழுதினார் என்பதற்கு அம்மடலில் சான்றில்லை. ‘லிவி பற்றிய உரைக’ளில் மக்கள் மன்னரைவிட அறிவும் உறுதியும் மிக்கவர் என்றும், உரோமில் மேலோர்க்கும் பொதுமக்களுக்கும் நிகழ்ந்த பூசலே உரிமையை வளர்த்தது என்றும் எழுதியவரும் அவரே. இரு நூல்களையும் இணைத்துப் படித்தலே முறையாகும்.

சொல்லாக்கச் சிக்கல்

‘விர்த்து’ என்னும் அவருடைய கலைச்சொல்லைத் தமிழில் ‘அறம்’ எனப் பெயர்த்தால் நூல் முழுவதும் திரிந்துவிடும். ஊழை எதிர்கொள்ளும் ஊக்கம், துணிவு, காலமறிதல் ஆகியவற்றின் கூட்டே அது. குறளின் ‘ஊழ்’, ‘ஆள்வினையுடைமை’ ஆகிய இரு அதிகாரங்களை அறிந்த நமக்கு ‘ஆள்வினை’ என்னும் சொல் அருகில் வருவதாகத் தோன்றும். ஆயினும் வள்ளுவரின் ஆள்வினை அறத்தை விட்டு விலகாதது. மாக்கியவெல்லியின் சொல்லோ தேவைப்படின் விலகத் துணிவது. இவ்வேறுபாட்டை விளக்கிய பின்னரே அச்சொல்லை மாணவரிடம் வழங்குதல் வேண்டும்.

முடிவுரை

1527 மே மாதத்தில் மெடிச்சிக் குடும்பம் மீண்டும் வெளியேற்றப்பட்டுக் குடியரசு மலர்ந்தது. பழைய பணி கிட்டும் என மாக்கியவெல்லி நம்பினார். இடைக்காலத்தில் மெடிச்சியருக்காக வரலாறு எழுதியவரைக் குடியரசு ஏற்கவில்லை. அப்பணி வேறொருவருக்குச் சென்றது. ஜூன் 21ஆம் நாள் அவர் காலமானார். ஊழ் மாறும்போது தம்மை மாற்றிக்கொள்ள இயலாதவர் வீழ்வர் என்று எழுதியவரின் வாழ்வே அக்கூற்றுக்கு உரையாக அமைந்தது. அவருடைய பெயரை வசையாக வழங்கும் முன் அந்த இருபத்தாறு இயல்களையும் ஒருமுறை முழுமையாகப் படித்தல், அவருக்கு மட்டுமின்றி அரசியலைக் கற்பிக்கும் நமக்கும் நாம் செய்துகொள்ளும் நன்மையாகும்.