ஃபயர்பால் இல்லாத விசார்ட்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பில் கட்டிப் பார்த்த மந்திரவாதி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இன்று புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பின் வழியில்தான் உள்ளே வருகிறார்கள். அதில் ஒரு மந்திரவாதியைச் சீக்கிரமே உருவாக்கி மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். 2003 ஜூலையில் வெளியான 3.5 பதிப்பில் அது நடக்காது. ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். அந்த மாலைப்பொழுது வீண் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து உலகத்தையும் எதிரிகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் 1974-இல் இதை வெளியிட்டார்கள். 1997-இல் ஆட்டம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2000-இல் 3-ஆம் பதிப்பு வந்தது. அதைச் செப்பனிட்டதுதான் 3.5.

இதன் விசார்ட் வகுப்பு, அதாவது மந்திரவாதி வகைப் பாத்திரம், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போவதைப் போன்றது. காலையில் எதைக் கட்டினாயோ அதுதான் உனக்கு. எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, மந்திரப் புத்தகத்தைத் திறந்து ஒரு மணி நேரம் படித்து, இன்றைக்கு எந்தெந்த மந்திரம், எத்தனை தடவை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். போட்டதும் அது மனதிலிருந்து போய்விடும். இந்த யோசனை எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து கைகாக்ஸ் எடுத்துக்கொண்டது. 5-ஆம் பதிப்பு இதைப் பெரிதும் தளர்த்திவிட்டது. 3.5 தளர்த்தவில்லை.

சரி, கட்டத் தொடங்குவோம். பாத்திரத்தின் வளர்ச்சியை ‘லெவல்’ என்றும் மந்திரத்தின் தரத்தை ‘நிலை’ என்றும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மேசையில் 25 புள்ளி முறை. ஆறு திறன்களும் 8-இல் தொடங்கும். புள்ளி கொடுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும். 16 வரை உயர்த்த 10 புள்ளி. 18 வேண்டுமென்றால் 16 புள்ளி. விசார்டுக்கு உயிர்நாடி அறிவுத்திறன் என்பதால் பலரும் யோசிக்காமல் 18-க்குப் போய்விடுகிறார்கள். நான் 16-உடன் நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். 18-க்குப் போனால் மற்ற ஐந்து திறன்களுக்கும் சேர்த்து 9 புள்ளிதான் மிஞ்சும். 16-இல் நின்றால் சுறுசுறுப்பையும் உடல்வலுவையும் 14-க்குக் கொண்டுவந்தும் 3 புள்ளி கையில் இருக்கும். 9-ஆம் நிலை மந்திரங்களுக்கு அறிவுத்திறன் 19 தேவையே என்று கேட்கலாம். அந்த மந்திரங்கள் 17-ஆம் லெவலில்தான் வருகின்றன. 4, 8, 12, 16 ஆகிய லெவல்களில் ஒரு திறனில் தலா 1 கூட்டிக்கொள்ளலாம். அதற்குள் 20 ஆகிவிடும்.

உடல்வலு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. விசார்டின் உயிர்ப்புள்ளிப் பகடைக்கு நான்கே முகங்கள். முதல் லெவலில் முழு 4, உடல்வலுவுக்கு 2, ஆக 6. சாதாரண எதிரியான ஓர்க் ஒன்றின் வாள் வீச்சு 2 நான்முகப் பகடையோடு 4, சராசரி 9. ஒரே அடியில் நம் ஆள் மைனஸ் 3-க்குப் போய்த் தரையில் கிடப்பார். துணைவிலங்காகத் தேரையை வைத்துக்கொண்டால் 3 உயிர்ப்புள்ளி கூடும். அதே அடியை வாங்கி, தள்ளாடியாவது நிற்பார். ஆனால் துணைவிலங்கை அழைக்க 100 தங்கக் காசு ஆகும். விசார்டின் தொடக்கப் பணம் சராசரியாக 75. முதல் வேட்டை முடிகிற வரை தேரை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனம் மனிதன். ஒரு சிறப்புத்தேர்வு கூடுதலாகக் கிடைப்பதற்காக. முந்திக்கொண்டு செயல்படும் ‘இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ்’ ஒன்று, ஒரு துறையின் மந்திரங்களிலிருந்து எதிரி தப்புவதைக் கடினமாக்கும் ‘ஸ்பெல் ஃபோகஸ்’ ஒன்று. சுருளில் மந்திரம் எழுதும் தேர்ச்சியை வகுப்பே இலவசமாகத் தருகிறது.

இனிதான் உண்மையான வேலை. 3.5-இல் மந்திரங்கள் எட்டுத் துறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு துறையில் சிறப்புப் பெற்றால் ஒவ்வொரு நிலையிலும் நாளுக்கு ஒரு மந்திரம் அதிகம். பதிலுக்கு வேறு இரண்டு துறைகளை நிரந்தரமாக விட்டுவிட வேண்டும். நான் எடுத்தது வரவழைக்கும் துறையான கான்ஜுரேஷன். விட்டது நெக்ரோமன்சியையும் எவோகேஷனையும். எவோகேஷனை விட்டால் மேஜிக் மிசைல் போச்சு, ஃபயர்பால் போச்சு, லைட்னிங் போல்ட்டும் போச்சு. மேசையில் இருந்தவர்கள் திகைத்தார்கள். விசார்ட் என்றாலே நெருப்புருண்டைதானே?

இல்லை என்பதை 3.5-இன் விதிகளே சொல்கின்றன. ஃபயர்பாலிடமிருந்து எதிரி பாதி தப்பலாம். மந்திர எதிர்ப்பு உள்ள உயிர்களிடம் அது முழுசாகவே தோற்கலாம். கான்ஜுரேஷனின் கிரீஸ், வெப், கிளிட்டர்டஸ்ட் மூன்றுக்கும் மந்திர எதிர்ப்பு செல்லுபடியாகாது. கிரீஸைப் பாருங்கள். முதல் நிலை மந்திரம், பத்தடிச் சதுரத்தில் தரை வழுக்கும். சறுக்கி விழுந்தவனைப் பக்கத்திலிருந்து தாக்குபவருக்கு 4 கூடுதல். அவன் எழுந்திருக்கும்போது அருகே நிற்கும் நம் வீரருக்கு இலவசமாக ஒரு வெட்டு. கொல்வது வீரரின் வேலை. அதை எளிதாக்கித் தருவது விசார்டின் வேலை. முதல் லெவலில் கிரீஸ் ஒரே ஒரு சுற்றுதான் நீடிக்கும் என்பது குறைதான். இருந்தும் குறுகலான வழியில் ஓர்க்குகள் ஓடிவரும்போது அந்த ஒரு சுற்று போதுமானதாக இருந்தது.

16 அறிவுத்திறனுக்குத் தொடக்கத்தில் ஆறு முதல் நிலை மந்திரங்கள் புத்தகத்தில் இருக்கும். கிரீஸ், மேஜ் ஆர்மர், ஸ்லீப், கலர் ஸ்ப்ரே, என்லார்ஜ் பெர்சன், சைலன்ட் இமேஜ் ஆகியவற்றை எடுத்தேன். ஸ்லீப்பில் ஒரு விஷயம் கவனிக்க: 3.5-இல் அதைப் போட ஒரு முழுச் சுற்று ஆகும். இடையில் அடி விழுந்தால் கெடலாம். எதிரி நெருங்கிவிட்டால் கலர் ஸ்ப்ரேதான் நல்லது. எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் தற்காப்பாக மந்திரம் போட, இருபது முகப் பகடையில் நம் ஆளுக்கு 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 55 சதவீதம். ஆகவே ஓர் அடி பின்னால் நிற்கப் பழகுங்கள்.

நாளுக்கு மூன்றே முதல் நிலை மந்திரம். அது தீர்ந்தபின் கையில் குறுக்குவில்தான். முதல் இரண்டு லெவல்களில் இது சோர்வு தரும், மறைக்க வேண்டியதில்லை. சுருள்கள் அங்கேதான் கைகொடுக்கின்றன. ஒரு முதல் நிலைச் சுருள் எழுத 12 தங்கம் 5 வெள்ளி, ஒரு அனுபவப் புள்ளி, ஒரு நாள் வேலை. எப்போதோ தேவைப்படும் மந்திரங்களைச் சுருளில் ஏற்றிவிட்டு, அன்றாடம் வேண்டியதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல விதி: காலையில் எல்லா இடத்தையும் நிரப்பத் தேவையில்லை. ஒன்றைக் காலியாக விட்டுவைத்து, பூட்டிய கதவோ புரியாத கல்வெட்டோ எதிர்ப்பட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்து பொருத்தமானதைத் தயார் செய்துகொள்ளலாம். இந்த விதியைப் பயன்படுத்தாமல் விளையாடுகிறவர்கள் வகுப்பின் பாதியைத் தொடாமலே விடுகிறார்கள்.

விதிநூலான ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ 320 பக்கம். அதில் மந்திரப் பட்டியல்கள் வகுப்புவாரியாக, ஒவ்வொன்றுக்கும் ஒருவரிக் குறிப்போடு இருப்பது பெரிய உதவி. விளக்கங்களோ அகர வரிசையில். முதல் நிலை மந்திரங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் முன்னும் பின்னும் புரட்டி விரல் வலிக்கும். தாளில் தனியாக எழுதி வைத்துக்கொள்வதே வழி. விதிகளின் பெரும்பகுதி திறந்த உரிமத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் திறன் புள்ளிகளை நிர்ணயிக்கும் முறையும் அனுபவப் புள்ளி அட்டவணையும் அதில் இல்லை. அவற்றுக்கு அச்சுப் புத்தகம் வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. 5-ஆம் லெவலில் 3-ஆம் நிலை மந்திரங்கள் வந்ததும் விசார்ட் வேறு ஆளாகிவிடுகிறார். 9-ஆம் லெவலில் டெலிபோர்ட். அதன்பிறகு வாள் வீசும் நண்பர் ஒவ்வொரு லெவலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர, மந்திரவாதி தாவித் தாவி வளர்கிறார். 3.5-இன் சமன் இங்கேதான் உடைகிறது. இதை விதியால் முழுதாகச் சரிசெய்ய முடியாது. விளையாடுகிறவரின் மனசுதான் சரிசெய்ய வேண்டும். என் விசார்டை நண்பர்களுக்கு வழி திறந்துவிடுபவனாகக் கட்டியதற்கு இதுவும் காரணம்.

விதி படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கும், எதிரியைப் பார்க்கும் முன்பே திட்டம் போடுவதில் இன்பம் காண்பவர்களுக்கும் 3.5 விசார்டை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். பகடை உருட்டியதும் வெடி வெடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதே புத்தகத்தில் இருக்கும் சோர்சரரை எடுக்கலாம். அவருக்கு முன்கூட்டித் தயாரிக்கும் வேலையே இல்லை. எதை எடுத்தாலும் முதல் ஆட்டத்துக்கு முன் மந்திர அத்தியாயத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு மேசைக்கு வாருங்கள்.