ஹீட்டட் ரைவல்ரி (நாவல்)

ஹீட்டட் ரைவல்ரி (2019) கனடா எழுத்தாளர் ரேச்சல் ரீட் எழுதிய ஆங்கிலக் காதல் நாவல். ஐஸ் ஹாக்கியில் எதிரெதிர் அணிகளில் ஆடும் இரு ஆண்களின் பல ஆண்டு ரகசியக் காதலைச் சொல்வது. ‘கேம் சேஞ்சர்ஸ்’ நாவல் வரிசையில் இரண்டாவது. பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையாக இருப்பதால் வயது வந்தோருக்கான நூல்.

வெளியீடு

ஹார்லிக்வின் நிறுவனத்தின் கரினா பிரஸ் பிரிவு இந்நாவலை வெளியிட்டது. ஜேக்கப் டியர்னி இதை ஆறு பகுதிகள் கொண்ட தொடராக இயக்கினார். கனடாவின் கிரேவ் தளத்தில் நவம்பர் 28, 2025 அன்று தொடங்கிய தொடரின் முதல் பருவம், கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அன்று நிறைவுற்றது. இதே கதைமாந்தரின் பிற்கால வாழ்க்கையை ‘தி லாங் கேம்’ (2022) நாவல் சொல்கிறது.

விளையாட்டுப் பின்னணி

தருமபுரி மாவட்டத்துப் பள்ளி மாணவர் அறிந்த ஹாக்கி மண் தரையில் ஆடப்படுவது. ஐஸ் ஹாக்கி உறைந்த தளத்தில், அணிக்கு ஆறு பேராகச் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதில் ரப்பர் வட்டைக் கொண்டு ஆடப்படுகிறது. வட்டை வைத்திருக்கும் எதிராளியை உடலால் மோதித் தடுப்பது விதிகளுக்கு உட்பட்டது. ஆகவே காயம் இவ்விளையாட்டின் அன்றாடம். வலியை வெளிக்காட்டாதவனே ஆண் என்ற எண்ணமும் அங்கு வலுவானது. அந்த எண்ணத்தோடுதான் இந்நாவல் மோதுகிறது.

கதைச்சுருக்கம்

மாண்ட்ரியல் அணியின் ஷேன் ஹாலண்டர் ஒழுங்கும் கூச்சமும் உள்ளவன். பாஸ்டன் அணியின் இலியா ரோசனோவ் ரஷ்யன், வாய்த்துடுக்கானவன். இளையோர் உலகப் போட்டியில் இருவரும் சந்திக்கிறார்கள். பத்திரிகைகளுக்கு அவர்கள் பரம எதிரிகள். பூட்டிய அறைக்குள் காதலர்கள். கைபேசியில் ஒருவர் பெயரை மற்றவர் ‘லில்லி’, ‘ஜேன்’ எனப் பெண் பெயராகப் பதிந்துவைக்கிறார்கள்.

ஓர் ஆட்டத்தில் இலியாவின் அணியைச் சேர்ந்தவன் மோதி ஷேன் விழுகிறான். காறை எலும்பு முறிவு, தலையில் அதிர்ச்சிக் காயம். மருத்துவமனைக்கு இலியா வருகிறான். வலி மருந்தின் மயக்கத்தில் ஷேன் அவனைத் தன் ஏரிக்கரை வீட்டுக்கு அழைக்கிறான். பின்னர் ஸ்காட் ஹண்டர் என்ற வீரர் கோப்பை வென்ற தளத்திலேயே, எல்லோரும் பார்க்க, தன் காதலனை முத்தமிடுகிறார். அதைத் தொலைக்காட்சியில் கண்ட பிறகே இலியா வரச் சம்மதிக்கிறான்.

களவும் அறத்தொடு நிற்றலும்

இந்நாவலின் கட்டமைப்பு தமிழ் அகமரபை அறிந்தவர்க்கு அந்நியமானது அல்ல. மறைவில் சந்திப்பது களவு. ஊர் என்ன பேசும் என்ற அச்சம் அலருக்கு அஞ்சுதல். ஷேனின் மனத்தை முதலில் புரிந்துகொள்ளும் நடிகை ரோஸ் லாண்ட்ரி தோழியின் இடத்தில் நிற்கிறாள். ஏரிக்கரையில் இருவரையும் ஷேனின் தந்தை தற்செயலாகப் பார்த்துவிட, அவர்கள் பெற்றோர் வீட்டுக்கே சென்று உண்மையைச் சொல்கிறார்கள். இது அறத்தொடு நிற்றல்.

வேறுபாடு ஒன்று உண்டு. அகமரபில் களவின் முடிவில் திருமணம் காத்திருக்கிறது. இங்கு அந்த உறவுக்கு எல்லோரும் ஏற்ற பெயர் இன்னும் இல்லை.

மதிப்பீடு

நாவலின் மிகச் சிறந்த பகுதி மருத்துவமனைக் காட்சி. எந்த ஊர் மருத்துவமனையிலும் முதலில் எழும் கேள்வி, ‘நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?’ என்பதே. மனைவி, மகன், தம்பி என்று சொல்ல முடிந்தவர் உள்ளே போகலாம். இலியாவிடம் சொல்வதற்குச் சொல் இல்லை. எதிரணி வீரன் நலம் விசாரிக்க வந்தான் என்ற பொய்யின் மறைவில்தான் அவன் கட்டிலருகே நிற்க முடிகிறது. ரகசியம் எவ்வளவு கொடியது என்பதை நாவலின் எல்லாச் சண்டைகளையும்விட இந்த ஒரு காட்சி தெளிவாகக் காட்டுகிறது.

அக்கேள்வி இந்தியாவுக்கும் உரியது. ஒருபால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் அளிக்க மறுத்தது. குடும்பத்தை உருவாக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வழக்கில் கூறியது. கட்டிலருகே நிற்கும் உரிமை இங்கும் முழுதாகத் தீராத வழக்கு.

நாவலின் குறை, தான் எழுப்பிய கேள்வியிலிருந்து விரைவில் விலகிவிடுவது. தலைக்காயம் பட்டவருக்குத் தலைவலியும் தலைச்சுற்றலும் வெளிச்சம் தாங்காமையும் வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஒருவர் உடுத்திவிட, ஊட்டிவிட வேண்டிய நாட்கள் அவை. காதல் சோதிக்கப்படும் இடமும் அதுவே. ரீட் அந்த நாட்களைத் தாண்டிக் கோடைக்குச் சென்றுவிடுகிறார். காயம் காதலை வெளிக்கொணரும் கருவியாகவே நின்றுவிடுகிறது. ஏரிக்கரையில் தனி வீடு, பெரும் வருமானம், மனம் இளகும் பெற்றோர் என்று வாய்ப்புகள் எல்லாம் கூடிவருவதும் வாசகரை எளிதில் ஆறுதல்படுத்துகிறது.

இக்குறையை ‘தி லாங் கேம்’ ஓரளவு ஈடுசெய்கிறது. அதில் இலியாவின் மனச்சோர்வு அவசரமின்றி எழுதப்பட்டுள்ளது. உடற்காயத்துக்குத் தராத பொறுமையை ஆசிரியர் மனக்காயத்துக்குத் தந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்க்கே இக்கதை முழுமை பெறும்.