சங்கிலியை இழுத்தால் விளக்கு எரியணும், ஷாக் அடிக்கக் கூடாது

சுவாமிமலையில் எங்க வீடு பழைய ஓட்டு வீடு. போன வருஷம் தாழ்வாரத்துக்கு ஒரு தொங்கு விளக்கு வாங்கினேன். ஆன்லைனில் பார்த்தது. பித்தளை உடம்பு, மேலே மாட்ட ஒரு கொக்கி, பக்கத்தில் சின்னச் சின்ன குண்டுமணி கோத்த மாதிரி ஒரு சங்கிலி. இழுத்தால் "டக்". மறுபடி இழுத்தால் அணையும். "வின்டேஜ் டிசைன்" என்று போட்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நான் ஒன்றும் பொய் சொல்லப் போவதில்லை.

மூணு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் நல்ல இடி மழை. அம்மா வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மழை விட்டதும் திரும்ப மாட்டினார். சாயங்காலம் ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று சங்கிலியை இழுத்தவர், "ஐயோ" என்று கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை மரத்துப் போனது, பயம், அவ்வளவோடு தப்பித்தோம். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் சங்கிலி, பித்தளை உடம்பு, கொக்கி வரைக்கும் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் எரிகிறது.

விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அதே வார்ப்பில் நூறு பேர் விற்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த டிசைனைப் பற்றியது.

மூணு மாசம் ஏன் அடிக்கவில்லை?

நம்ம தொழிலில் "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்பது தினசரி கேட்கிற புலம்பல். இதுவும் அதே கதைதான். விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஹோல்டரின் ஸ்க்ரூவில் மாட்டிய ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டு பித்தளைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. வந்த ஒயரோ இரண்டு கம்பி ஒயர், எர்த் கிடையாது. முனையில் இரண்டு பின் பிளக்.

இரண்டு பின் பிளக்கை நம்ம போர்டில் எப்படித் திருப்பியும் மாட்டலாம். முதல் மூணு மாசம் அந்த இழை நியூட்ரல் பக்கம் இருந்திருக்கிறது. பித்தளை உடம்பு நியூட்ரலோடு சேர்ந்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை. மழைக்குப் பிறகு பிளக் திரும்பி மாட்டப்பட்டதும் அதே இழை ஃபேஸ் ஆகிவிட்டது. அதாவது கோளாறு முதல் நாளிலிருந்தே இருந்தது. வெளியே தெரியத்தான் பிளக் திரும்ப வேண்டியிருந்தது. அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை. பிளக்கை எந்தப் பக்கம் மாட்டுகிறோம் என்பதை நம்பி ஒருவருடைய உயிர் இருக்கிறது என்றால், அது பயனரின் தவறு இல்லை, டிசைனின் தவறு.

சங்கிலி எதற்காக வந்தது?

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1888-ல் தொழில் தொடங்கியவர் ஹார்வி ஹபெல். இழுத்து இயக்கும் விளக்கு சாக்கெட்டுக்கு அவர் 1896 ஆகஸ்ட் 11 அன்று காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு பெரும்பாலும் சாக்கெட்டின் பக்கவாட்டிலேயே ஒரு சின்னத் திருகு இருக்கும். பல்பு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்குக் கை எட்ட வேண்டும், இருட்டில் சூடான பல்புக்குப் பக்கத்தில் தடவ வேண்டும். சுவரில் ஸ்விட்ச் வைக்கலாம்தான். ஆனால் கட்டி முடித்த வீட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் சுவர் வரை ஒயர் இறக்குவது செலவு. ஹபெலின் தீர்வு எளிமையானது: ஒயரை இறக்காதே, சங்கிலியை இறக்கு.

இதே மனிதர்தான் 1904-ல் கழற்றி மாட்டக்கூடிய பிளக்குக்கும் காப்புரிமை வாங்கினார். அந்த பிளக்கின் ஒரு பாதி விளக்கு சாக்கெட்டில் திருகப்படும். அன்றைய வீடுகளில் மின்சாரம் கிடைக்கிற ஒரே இடம் பெரும்பாலும் விளக்குதான். ஆக சங்கிலி, பிளக் இரண்டுமே ஏற்கனவே இருக்கிற வீட்டை உடைக்காமல் வேலையை முடிக்க வந்தவை. இந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். நான் குறை சொல்வது நோக்கத்தை மறந்துவிட்டு உருவத்தை மட்டும் நகல் எடுப்பதைத்தான்.

நம்ம ஊருக்கு மின்சாரம் வந்த வழியே வேறு. 1937-ல் மேட்டூரில் காவிரித் தண்ணீர் டர்பைனைச் சுற்ற ஆரம்பித்தது. டெல்டாவின் வயலுக்கு வருகிற அதே தண்ணீர்தான். ஒயரிங் முறை பிரிட்டிஷ் வழி: சுவரில் ஸ்விட்ச், கூரையிலிருந்து தொங்குகிற ஒயர், முனையில் அழுத்தித் திருப்பி மாட்டும் பி22 ஹோல்டர். அதனால் விளக்குச் சங்கிலி நமக்குப் பழகவே இல்லை. இன்று "வின்டேஜ்" என்று விற்கிறார்களே, அது நம்முடைய பழசு இல்லை, இன்னொருவருடைய பழசு. அவர்கள் அதை 110 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் வைத்திருந்தார்கள். நம்ம வீட்டில் 230. உடம்பின் மின்தடை அதேதான் என்று வைத்துக்கொண்டால், உடம்பு வழியே பாயும் மின்னோட்டம் இரண்டு மடங்கு.

உள்ளே என்ன நடக்கிறது

கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. கிணற்றடியில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் ஒரே சங்கிலி என்றால் "எரி", "அணை" என்ற இரண்டு கட்டளைக்கும் ஒரே அசைவுதான் இருக்க முடியும். நாளடைவில் நிலைபெற்ற வடிவம் இதைப் பற்சக்கரத்தால் தீர்த்தது. சங்கிலியை இழுத்தால் ஒரு சிறு நெம்புகோல் பற்சக்கரத்தைக் கால் வட்டம் நகர்த்தும். விட்டால் ஸ்பிரிங் நெம்புகோலை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும், சக்கரம் அங்கேயே நிற்கும். சக்கரத்தோடு சேர்ந்த உருளையில் மாறி மாறி உலோகமும் மின்கடத்தாப் பொருளும். உலோகம் வந்தால் எரியும், அடுத்தது வந்தால் அணையும்.

இதில் நல்ல விஷயங்கள் இரண்டு. ஒன்று, நாம் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் உள்ளே ஸ்பிரிங் "டக்" என்று குதிக்கும். தொடுமுனைகள் பாதியில் நின்று பொறி பறக்காது. இரண்டு, சங்கிலி வெளியே வரும் வாய் புனல் மாதிரி விரிந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் சிக்காது. குண்டுமணிச் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் தானே சுழலும். நூறு வருஷத்துக்கு மேல் மாறாமல் இருக்கிறது என்றால் சும்மா இல்லை.

கெட்ட விஷயமும் அதே இடத்தில்தான். இது ஒரு டாகிள். கையில் இருக்கிற சங்கிலியைப் பார்த்து ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பல்பு எரிந்தால்தான் தெரியும். கரண்ட் போய்விட்டால்? ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம், எரியவில்லை, "கரண்ட் இல்லையா"ன்னு இன்னொரு தடவை. இப்போது அது ஆனா, ஆஃபா? பல்பு ஃப்யூஸ் போனாலும் இதே குழப்பம். "ஆஃப்தான்" என்று நம்பிப் பல்பைக் கழற்றக் கை வைக்கிறவர் மின்சாரம் உள்ள சாக்கெட்டில் கை வைக்கிறார். சுவர் ஸ்விட்ச் கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று இருட்டில் தடவியே சொல்லிவிடலாம். சங்கிலியால் அது முடியாது.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. பழைய எரிவாயு விளக்குகளில் ஒரு குறுக்குக் கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு சங்கிலி தொங்கும். ஒன்றை இழுத்தால் வாயு திறக்கும், மற்றதை இழுத்தால் மூடும். எந்தச் சங்கிலி தாழ்ந்திருக்கிறது என்பதே பதில். ரயிலின் அபாயச் சங்கிலியை எடுங்க. ஒரு தடவை இழுத்தாலும் பத்துத் தடவை இழுத்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: நிறுத்து. பழைய ஆபீஸ் கக்கூஸ்களில் உயரத்தில் இருக்கும் தொட்டியின் சங்கிலியும் அப்படியே. நம்ம கைக்குப் பழகிய சங்கிலி எல்லாம் ஒரு சங்கிலிக்கு ஒரு வேலை. விளக்குச் சங்கிலி மட்டும்தான் ஒரே இழுப்புக்கு இரண்டு அர்த்தம் வைத்திருக்கிறது.

கையைத் தொடும் பாகம்

இதுதான் என் முக்கியமான புகார். ஒரு ஸ்விட்சில் மனிதன் தொடுகிற பாகம் எது என்று முதலில் கேட்க வேண்டும். இங்கே அது சங்கிலி. அது உலோகம். மறுமுனை மின்சாரத்துக்கு அரை அங்குலத்தில் இருக்கிறது. பழைய நல்ல பித்தளை சாக்கெட்டுகளில் உள்சுவர் முழுக்கக் கெட்டி அட்டையில் ஒரு உறை இருக்கும். சங்கிலியின் நடுவிலும் மின்கடத்தாத ஒரு இணைப்புத் துண்டு போடுவது உண்டு. பார்க்க அழகாக இருக்காது, வெளியே தெரியவும் தெரியாது. நகல் எடுப்பவர் முதலில் விடுவது இந்த மாதிரி பாகங்களைத்தான்.

பிரிட்டனில் குளியலறைக்குக் கயிறு இழுக்கும் ஸ்விட்ச் இன்னும் போடுகிறார்கள். ஸ்விட்ச் கூரையில், ஈரக் கைக்கு எட்டாத இடத்தில். கைக்கு வருவது மின்கடத்தாத கயிறு மட்டும். அங்கே இழுப்பு என்பதே பாதுகாப்புக்காக. நம்ம வீட்டுச் சுவர் ஃபேனைப் பாருங்க. வேகம் மாற்றத் தொங்குவது நைலான் கயிறு, முனையில் பிளாஸ்டிக் குமிழ். அதற்கு யாரும் "வின்டேஜ்" என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் யோசித்துச் செய்தது அதுதான்.

இன்னொன்று, இந்த விளக்கில் இருந்தது இ27 திருகு ஹோல்டர். அதில் பல்பின் திருகு உறையே ஒரு மின்முனை. ஃபேஸ் நடுமுனைக்கும் நியூட்ரல் உறைக்கும் வர வேண்டும் என்பது விதி. இரண்டு பின் பிளக் அந்த விதியைக் காற்றில் விட்டுவிடுகிறது. திருப்பி மாட்டினால் உறை ஃபேஸ் ஆகும். சங்கிலி ஸ்விட்ச் துண்டிப்பது நியூட்ரலை. விளக்கு அணைந்திருக்கும், உறையில் மின்சாரம் இருக்கும்.

சங்கிலி நமக்குப் புதுசா?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, சுவாமிமலைச் செப்புத்திருமேனி இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. காவிரி வண்டல் மண்ணை மெழுகு மேல் பூசி வார்க்கிற ஊர் இது. விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற தூண்டாமணி விளக்கை எடுத்துக்கொள்வோம். சங்கிலியில் தொங்கும். மேலே எண்ணெய் நிரப்பிய பறவை உருவம், கீழே திரி எரியும் தட்டு. தட்டில் எண்ணெய் குறைந்தால் துளை வழியே காற்று உள்ளே போகும், அந்த அளவுக்கு எண்ணெய் இறங்கும். மட்டம் ஏறித் துளையை மூடினால் நின்றுவிடும். யாரும் தூண்ட வேண்டாம், பெயரே அதுதான். தன் நிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிற விளக்கு. இன்றைக்கு நாங்கள் ஃபீட்பேக் லூப் என்று போர்டில் வரைவது இதைத்தான்.

அதோடு அங்கே சங்கிலியின் வேலை எடை தாங்குவது. நான் வாங்கிய விளக்கில் கொக்கி ஒப்புக்கு. எடையில் பாதி ஒயரில் தொங்கியது. ஒயர் இழுபட்டுத்தான் அந்த இழை ஸ்க்ரூவை விட்டு வெளியே வந்தது என்று நினைக்கிறேன். வார்க்கத் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் வாங்கியது இது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்தேன்

தூக்கிப் போடவில்லை. மூன்று கம்பி ஒயர் மாற்றி, எர்த்தைப் பித்தளை உடம்போடு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். மூன்று பின் பிளக், இனி திருப்பி மாட்ட வழியில்லை. இ27-ஐ எடுத்துவிட்டு, உடம்புக்குள் பிளாஸ்டிக் பி22 ஹோல்டர். எல்.இ.டி. பல்புக்குப் பழைய குண்டு பல்பின் சூடு இல்லை, அதனால் பிளாஸ்டிக் தாங்கும். எடை முழுக்கக் கொக்கியில், ஒயர் தளர்வாக. ஸ்விட்ச் ஃபேஸில்தான் வருகிறதா என்று சோதித்தேன். சங்கிலியை வாய்க்கு வெளியே இரண்டு அங்குலத்தில் வெட்டி, மீதிக்கு நைலான் கயிறும் ஒரு மரக் குமிழும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டாகிவிட்டது. இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். அந்த டாகிள் பிரச்சினையை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. பல்பு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கு என்பதுதான் இப்போதைக்கு விதி.

எல்லாம் முடித்து மாட்டிவிட்டு, "பயப்படாம இழும்மா, இப்ப ஒன்னும் பண்ணாது"ன்னேன். அம்மா முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் இழுத்தார். எரிந்தது.

"ஏன்டா, கயிறுன்னா கயிறாவே வச்சிருக்கக் கூடாதா? அவனுக்கு எதுக்கு இந்தச் சங்கிலி?"

இவ்வளவு எழுதியதன் சுருக்கம் அவ்வளவுதான். இந்த மாதிரி விளக்கு உங்க வீட்டிலும் தொங்கினால், இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எத்தனை பின் என்று எண்ணிப் பாருங்க. இரண்டு என்றால், ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்க.