பழைய மைக்கும் ஜாஸ் கிதாரும்

ஒரு சாதனம் பழசாகிவிட்டால் அதைச் சுற்றி ஒரு பக்தி முளைத்துவிடுகிறது. 1930களின் ரிப்பன் மைக்கையும், 1949இல் வந்த நாய்மன் யூ47ஐயும் தேடிப் பிடித்து, மின்னிணைப்பில்லாத ஜாஸ் கிதாரை அவற்றின் முன் வைத்துப் பதிவு செய்வது இன்று ஒரு மோஸ்தர். அசல் கிடைக்காதவர்களுக்கு நகல்கள் தயாராகின்றன. பதிவைக் கேட்டவுடன் சொல்லப்படும் வார்த்தை ஒன்றுதான்: வெதுவெதுப்பு. இந்த வார்த்தை வந்ததும் சிந்தனை நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து சற்று மேலே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் பௌதிகம். ரிப்பன் மைக்கில் இருப்பது காந்தத் துருவங்களுக்கிடையே தொங்கும், சில மைக்ரான் கனமே உள்ள, மடிப்பு மடிப்பான ஓர் அலுமினியத் தகடு. காற்றோடு அதுவும் அசைகிறது, அசைவு மின்சாரமாகிறது. முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் செவிடு. உச்ச ஸ்தாயியை மெல்லத் தணிக்கும். கிட்டே போனால் கீழ் ஸ்தாயியைப் பெருக்கிக் காட்டும். எஃகுத் தந்தியில் பிளெக்ட்ரம் உரசும் கீறலை இது மழுக்குவது உண்மை. இதில் மாயம் எதுவுமில்லை. ஆர்.சி.ஏ.வின் ஹாரி ஓல்சன் 1930களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியபோது இது பழமையின் சின்னமல்ல; அன்றைய தேதியில் மிக நவீனமான கருவி. பக்தர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

1925க்கு முன் தகரக் கூம்பின் முன் நின்று வாசிக்க வேண்டும். சத்தத்தின் பலத்தாலேயே ஊசி மெழுகில் கீற வேண்டும். பாஞ்சோ துளைத்துக்கொண்டு போகும்; கிதார் கூம்பின் வாயிலேயே செத்துப்போகும். 1925இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் மின்பதிவு முறையை விக்டரும் கொலம்பியாவும் ஏற்றன. அடுத்த வருஷமே எடி லாங், ஜோ வெனூட்டியின் வயலினோடு கிதாரைப் பதிவு செய்கிறார். மைக் கிதாரைப் பதிவு செய்தது என்பது பாதி உண்மை. ஜாஸில் கிதார் தனிக்குரலாகும் சாத்தியத்தையே அது உண்டாக்கியது. 1939இல் சார்லி கிறிஸ்டியன் மின் கிதாரோடு பென்னி குட்மன் குழுவில் சேர்ந்ததும், பிக்கப் அந்த வேலையை எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. இடைப்பட்ட சுமார் பதினைந்து வருஷங்களைத்தான் இன்று விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறார்கள்.

அந்த வருஷங்களில் நடந்தது என்ன? 1934 டிசம்பரில் பாரிசில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஐவர் குழு அல்ட்ராஃபோன் கம்பெனிக்குப் பதிவு செய்கிறது. ஒரு வயலின், மூன்று கிதார், ஒரு டபுள் பாஸ். முரசு கிடையாது. நாடா இல்லாத காலம். வெட்டி ஒட்ட முடியாது. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். மைக்குக்கு யார் அருகே, யார் தள்ளி என்பதில் பாதிச் சமன். மற்றதை வாசிப்பவர்களே ஒருவரையொருவர் கேட்டு, அடங்கி, எழுந்து செய்துகொள்ள வேண்டும். ஜாங்கோவின் இடக்கையில் இரு விரல்கள் 1928 தீவிபத்தில் முடங்கியவை. மிஞ்சிய இரண்டைக் கொண்டு அவர் ஒரு பாணியையே கண்டார். குறுகலை வடிவமாக்குவது என்பது இது. சாதனத்தின் குறுகலும் அப்படியே வடிவமானது.

இன்றைய பதிவறைகள் பலவற்றில் அதே ரிப்பன், கிதாரிலிருந்து ஒரு முழத்தில். துணைக் கிதார் வேறொரு நாள். இருபது தடவை வாசித்ததில் நல்ல துண்டுகளைக் கணினியில் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். கிடைப்பது பழைய நாதம், பழைய உறவு இல்லாமல். வெண்பாவில் எழுதியதாலேயே ஒன்று கவிதையாகிவிடாது என்று இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறோம்! வெண்பாவுக்குப் பொருந்துவது வெண்கலப் பூணுக்கும் பொருந்தும். நான் வங்கிக் குமாஸ்தா. கிழிந்த நோட்டின் மதிப்பு அதன் கிழிசலில் இல்லை என்பது என் தொழிலில் அன்றாட விஷயம். பழைய தட்டின் இரைச்சலும் குறுகிய ஸ்தாயியும் கிழிசல்கள்தான்.

ஓவியன் தனக்குப் பிடித்த தூரிகையைத் தேர்வதில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பி.பி.சி. 1950களில் வடிவமைத்த 4038 ரிப்பன் மைக் இன்றும் தயாராகிறது. கிதாரின் கூர்மையைத் தணிக்க வேண்டியிருக்கும்போது அதை எடுக்கும் பதிவாளரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் கையில் அது கருவி. என் சண்டை, கருவியைத் திருவுருவாக்கி, கேட்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும் ரசனையோடு.

1928, 1929இல் எடி லாங்கும் லானி ஜான்சனும் சேர்ந்து வாசித்த கிதார் ஜோடிப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஜான்சன் கறுப்பர், லாங் வெள்ளையர். இருவர் பெயரையும் ஒரே தட்டில் போட வியாபாரத்துக்குத் துணிச்சலில்லை. லாங்கின் பெயர் 'ப்ளைண்ட் வில்லி டன்' என்று மாற்றி அச்சாயிற்று. லேபிள் மறைத்ததை மைக் மறைக்கவில்லை. ஜான்சன் மேலே பறக்கும்போது லாங் கீழே தாங்குவது, ஒருவர் முடிக்கும் இடம் மற்றவருக்குத் தெரிந்திருப்பது எல்லாம் இரைச்சலுக்கு நடுவே தெளிவாகக் கேட்கின்றன. இந்தப் பரஸ்பரம் இருந்தால் எந்த மைக்கிலும் ஏறும். இல்லாவிட்டால் யூ47ஐ வைத்தாலும் ஏறுவது தந்தியின் சத்தம் மட்டுமே.