தாவக் கற்ற றோபோவும் கற்பித்தவர் கையும்

நடக்கும் றோபோ தடுமாறினால் அடுத்த காலடியில் சரிசெய்துகொள்ளலாம். தாவும் றோபோவுக்கு அந்த வசதி கிடையாது. கால் நிலத்தை விட்டதுமே உடலின் திணிவு மையம் போகும் பாதை முடிவாகிவிடும். அந்தரத்தில் கால்களை மடக்கலாம், பாதையை மாற்ற இயலாது. முயன்று பார்த்து, கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு கற்கும் வலுவூட்டல் கற்றல் என்னும் முறையை எடைபோடத் தாவலை நான் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

2023இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கௌஷில் ஸ்ரீநாத்தின் குழு, இம்முறையால் காஸி என்ற இருகால் றோபோவை 1.4 மீற்றர் நீளம் தாண்டவும் 44 சென்ரிமீற்றர் உயர மேடைமேல் தாவி ஏறவும் வைத்தது. எந்த மூட்டை எந்தக் கணத்தில் எவ்வளவு முறுக்குவது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கணினிச் சிமுலேஷனில் விழுந்து விழுந்து, புள்ளி கூடும் அசைவை அதுவே பிடித்துக்கொண்டது. பாதம் தரையில் மோதும் கணத்தைச் சமன்பாடுகளில் அடக்குவது பெரும்பாடு. இம்முறையின் உண்மையான பலம் அங்கேதான் தெரிகிறது.

ஆனால் “தானாகவே கற்றது” என்ற புகழ்ச்சியை என்னால் ஏற்க முடியவில்லை. நின்ற இடத்தில் குதிக்கும் ஓர் அசைவு காஸிக்கு மாதிரியாகக் கொடுக்கப்பட்டது. முதலில் ஒரே தாவல், பிறகு பல இலக்குகள், அதன்பின் உடலின் இயல்புகளை மாற்றி மாற்றிப் பயிற்சி என்று படிகளை வகுத்தவர்கள் மனிதர்கள். புள்ளி வழங்கும் விதியும் அவர்களுடையதே. உயரத்துக்கு அதிகம் கொடுத்தால் றோபோ இறங்கும்போது நொறுங்கும். சக்திச் செலவுக்குக் கடுமையாகக் கழித்தால் அசையாமல் நிற்கும். இந்த நுட்பமான உழைப்பு மறைந்துபோவது கற்கவருவோருக்குச் செய்யும் அநீதி.

இம்முறையின் குறை ஒன்று, றோபோ விழுந்தால் காரணம் தெரியாதது. 1980களில் றோபோ ஆய்வாளர் மார்க் ரைபேர்ட்டின் ஒற்றைக்கால் றோபோ உயரம், வேகம், உடல்நிலை ஆகிய மூன்றையும் தனித்தனி விதிகளால் ஆண்டது. பிழையை எங்கே தேடுவதென்று தெரியும். கற்றலிலும் இத்தகைய எளிமை முடியும்: பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்டோக் நாற்கால் றோபோ, 2020இல், கற்றுப்பெற்ற எளிய நேரியல் விதியாலேயே சரிவுகளில் நடந்தது. தாவல் அதைவிடக் கடினம். ஆனாலும் அந்தச் சிக்கனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இத்தகைய பயிற்சிக்கு உதவும் மியூஜோக்கோ என்ற சிமுலேஷன் மென்பொருள் 2022இல் திறந்த மூலமானது. கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவரும் இன்று ஒரு கணினியோடு தொடங்கலாம். ஆனால் திரையில் தாவியது தரையில் தாவாமல் போவது பல வேளைகளில் மோட்டரால்: பல்சக்கரத் தளர்வு, சூடு, உந்தும் கணத்தில் இறங்கும் மின்னழுத்தம். 2019இல் சூரிச் ஆய்வாளர்கள் அனிமால் என்ற நாற்கால் றோபோவின் மோட்டர் உண்மையில் நடந்துகொள்வதை அளந்து சிமுலேஷனுக்குள் சேர்த்த பிறகே அங்கே கற்றது நிலத்தில் பலித்தது. மோட்டரைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைக்கு இந்த அளவீடு எட்டாததல்ல. கொக்குவிலில் தொடங்குபவர் முதல் மாதத்தை அதற்கே கொடுக்கட்டும்.