புல் போன இடத்தில் என்ன வந்தது?

வறட்சி நகரங்களில் வீட்டுப் புல்வெளியைப் பிடுங்கிவிட்டு, குறைந்த நீரில் வளரும் செடிகளை வைப்பது இன்று உலகெங்கும் சிபாரிசு செய்யப்படும் வழி. இதை மிக நீண்ட காலம், மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த ஊர் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகஸ். அங்கே ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். குடிநீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ நதியில் கட்டப்பட்ட மீட் ஏரியிலிருந்து வருகிறது. அந்த நதியில் நெவாடா மாநிலத்துக்கு உள்ள உரிமை ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் ஏறத்தாழ 13 டி.எம்.சி. இப்படிப்பட்ட பாலைவனத்தில் ஈர நாட்டுப் புல்லை வளர்த்தது பிழை என்பதில் பெரிய விவாதம் இல்லை. அதை அகற்றும் திட்டம் எதைச் சாதித்தது, எதை விட்டுவிட்டது என்பதே ஆராய வேண்டியது. மிச்சமான லிட்டரை மட்டும் எண்ணினால் திட்டம் பெரும் வெற்றி. புல் இருந்த இடத்தில் என்ன வந்தது, மிச்சமான நீர் எங்கே போனது என்று கேட்டால் மதிப்பெண் குறைகிறது.

முதலில் வெற்றியைப் பார்ப்போம். தெற்கு நெவாடா நீர் ஆணையம் புல்லை அகற்றும் வீட்டுக்காரருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு டாலர் என்று பணம் கொடுக்கிறது. அந்த ஆணையத்துக்காக நடந்து 2005-ல் வெளியான ஆய்வு, வீடுகளில் தனி மீட்டர் பொருத்திப் பல ஆண்டுகள் அளந்தது. ஒரு சதுர அடிப் புல் ஆண்டுக்கு 276 லிட்டர் குடித்தது. வறட்சி தாங்கும் செடிகள் இருந்த நிலம் 65 லிட்டரில் அடங்கியது. ஆயிரம் சதுர அடியை மாற்றினால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினேழுக்கும் மேல் மிச்சம். இந்த ஊரின் நீர் அமைப்பு அந்தச் சேமிப்பின் மதிப்பை இன்னும் கூட்டுகிறது. குளிக்கவும் துவைக்கவும் செலவாகும் நீர் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையம் சென்று, மறுபடி மீட் ஏரியில் கலக்கிறது. அப்படித் திரும்பிய அளவு நீரை மாநிலம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் தெளித்த நீர் காற்றோடு போய்விடும். ஆகவே இங்கே குளியலறையில் சிக்கனம் காட்டுவதைவிடத் தோட்டக் குழாயை மூடுவதே நதிக்கு உண்மையான லாபம். 2002-க்குப் பிறகு மக்கள்தொகை ஏழு லட்சத்துக்கு மேல் கூடியும், நதியிலிருந்து இப்பகுதி எடுக்கும் நிகர நீர் குறைந்திருக்கிறது. இதற்குப் புல் அகற்றம் ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு வழக்கமாக எழும் ஆட்சேபம் ஒன்று உண்டு. கொலராடோ நீரில் பெரும்பங்கைக் குடிப்பது விவசாயம். அதிலும் கால்நடைத் தீவனமான குதிரைமசால். அதை விட்டுவிட்டு வீட்டு முற்றத்தைப் பிடிப்பானேன் என்கிறார்கள். தகவல் சரி, முடிவு தவறு. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு வயலில் மிச்சமாகும் நீர் தானாக லாஸ் வேகஸின் குழாய்க்கு வந்துவிடாது. பங்கீடு மாநிலவாரியாக எழுதப்பட்ட சட்டம். தன் பங்குக்குள் வாழும் கடமை ஒவ்வொரு நகரத்துக்கும் தனியே உண்டு. லாஸ் வேகஸில் செலவாகும் நீரில் பாதிக்கு மேல் வீட்டுக்கு வெளியேதான் போகிறது. வயல்காரர் திருந்தும்வரை காத்திருக்க அதற்கு நேரமும் இல்லை: 2021 ஆகஸ்டில் கொலராடோவில் வரலாற்றிலேயே முதல்முறையாக நீர்ப் பற்றாக்குறை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. நதியைக் காப்பாற்றப் புல் அகற்றம் போதாது என்பது உண்மை. அதற்காக அது வேண்டாத வேலை ஆகிவிடாது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. புல் நீரைக் குடித்தாலும், அந்த நீரை ஆவியாக்கித் தரையையும் காற்றையும் குளிரவைக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்டினால், பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவிலும் விடுகிறது. செயற்கைப் புல் விரித்தால் அதன் மேற்பரப்பு வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவு கொதிக்கும். புல்லுக்குத் தெளித்த நீரில் பக்கவாட்டில் வேர் பரப்பி வாழ்ந்த பெரிய மரங்களோ, தெளிப்பான் நின்றதும் பட்டுப்போகின்றன. 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி செல்சியஸ் தொட்ட நகரத்தில் நிழலை இழப்பது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஆணையம் இதை அறியாமல் இல்லை: மாற்றிய நிலத்தில் செடிகள் முழு வளர்ச்சி அடையும்போது பாதிப் பரப்பையாவது மூடவேண்டும் என்பது பண உதவிக்கான நிபந்தனை. கலிபோர்னியாவில் 2015 வறட்சியின்போது தெற்கு நகரங்களின் நீர் வாரியம் புல் அகற்றத்துக்குக் கோடிக்கணக்கான டாலரை அவசரமாக வழங்கியது; அதில் பல முற்றங்கள் பெரும்பாலும் சரளையாகவே முடிந்தன. அகற்றுவதற்குப் பணம் கொடுத்துவிட்டு நடுவதைக் கண்காணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

இரண்டாவது குறை, மிச்சமான நீரின் போக்கு. வீட்டுக்காரர் நதிக்காகத் தோட்டத்தைத் துறந்ததாக நினைக்கிறார். அவர் விட்ட நீரில் ஒரு பகுதி புறநகரில் எழும் அடுத்த குடியிருப்புக்குப் போகிறது. அந்தக் குடியிருப்பு புல் இல்லாமலே கட்டப்படும். ஆனால் அடுத்த வறட்சியில் வெட்டுவதற்கு ஊரில் புல்லே மிஞ்சியிராது. அப்போது குறைக்கவேண்டியது மனிதர் குடிக்கும், குளிக்கும் நீராக இருக்கும். வளர்ச்சி நகரத்தின் உரிமை என்று இதற்குப் பதில் சொல்லலாம். சரிதான், அப்படியானால் மிச்சத்தில் எவ்வளவு ஏரியில் தங்கும், எவ்வளவு புது வீடுகளுக்குப் போகும் என்பதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். சுமையைப் பகிர்வதிலும் நியாயம் வேண்டும். முன்பணம் போட வசதியுள்ள சொந்த வீட்டுக்காரருக்கே உதவித்தொகை எளிதில் கிடைக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் நிழல் போன வெப்பம் மட்டும். இந்த வகையில் நெவாடாவின் 2021 சட்டம் நல்ல திசையில் நகர்கிறது. 2026 முடிந்த பிறகு, யாரும் மிதிக்காமல் அலங்காரத்துக்கு மட்டும் கிடக்கும் புல்லுக்குக் கொலராடோ நீரைப் பாய்ச்ச அது தடை விதிக்கிறது. அலுவலக வாசல், சாலை நடுத்திட்டு போன்ற இடங்கள் அதில் அடங்கும். தனி வீடுகள் அடங்கா. குழந்தைகள் விளையாடும் புல்லை விட்டுவிட்டு, பயனற்ற புல்லில் தொடங்குவது சரியான வரிசை.

ஆகவே வறட்சி தாங்கும் தோட்டம் பாலைவன நகரங்களுக்குத் தேவையான, பயன் நிரூபிக்கப்பட்ட வழிதான். அதைச் செய்யும் முறையில்தான் திருத்தம் வேண்டும். பிடுங்கிய பரப்புக்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, சில ஆண்டுகள் கழித்து அங்கே நிழல் எவ்வளவு என்று அளந்த பிறகு தரவேண்டும். புல்லை எடுக்கும் முன்பே பழைய மரங்களுக்குத் தனிச் சொட்டுநீர்க் குழாய் போடவேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் அகற்றிய சதுர அடியை மட்டும் அறிவித்துப் பெருமைப்படும் நகரம், தண்ணீர்ச் செலவை வெப்பச் செலவாக மாற்றிக்கொண்டிருக்கிறது.